பரிதாபம் போடுகிறவர்

போனை எடுத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "குடிச்சிருந்தானா?" என்பதுதான். செத்தவன் பேர் என்ன, ஊர் எது, மோதியது லாரியா பஸ்ஸா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மறுமுனையில் ஏதாவது ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே, காயின் பூத்தில் நின்றுகொண்டு எங்கள் நிருபர் கத்துவார். இவர் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கிழித்த நியூஸ்பிரிண்ட் துண்டில் எழுதுவார். "கல்யாணம் ஆனவனா? கொழந்தைங்க இருக்கா? சின்னதா, பெருசா? சரி, வை." போனை வைத்த கையோடு தலைப்பு வந்துவிடும். 'லாரி மோதி தொழிலாளி பரிதாப சாவு' என்று இருக்கும். இல்லையென்றால் வெறுமனே 'லாரி மோதி தொழிலாளி பலி'. எது எவனுக்கு என்று முடிவு செய்கிற வேலை அவருடையது. வேறு யாரும் அதில் தலையிடுவதில்லை.

பெங்களூரில் மத்தியானம் வெளிவந்துகொண்டிருந்த சின்னத் தமிழ்ப் பேப்பர் அது. இப்போது இல்லை. தொண்ணூறுகளில் நான் அங்கே புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிங்கராஜபுரத்தில் இருந்து பஸ் மாறி, காலையில் கடை திறக்கிறதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். ஊரில் ஒருமுறை தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வந்துபோனதில் இருந்து ஆபீஸ் வாசலில் போர்டு கிடையாது. தெரிந்தவர்கள் மட்டும் மாடியேறி வருவார்கள். அவர் செய்தி ஆசிரியர். கிட்டத்தட்ட என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் என்று தெரிந்த அன்றையில் இருந்து என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் கன்னியாஸ்திரீ இல்லை சார், வீட்டில் புருஷனும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சிஸ்டர், அதுக்கென்ன?" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

சேர்ந்த புதிதில், வீட்டு வாசலில் திறந்து கிடந்த சம்ப்பில், தரைக்கடியில் கட்டின தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஒரு குழந்தை செத்துப்போன செய்தி வந்தது. புரூஃப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை. பொல பொலவென்று கொட்டிற்று. அவர் எதிர் மேஜையில் இருந்து பார்த்தார். "அழுங்க சிஸ்டர், தப்பில்ல. அழுதுட்டு மறுபடி ஒரு தடவ படிங்க. மொத வரிலயே கொழந்த பேரு தப்பா வந்திருக்கு. அந்த அம்மா நாளைக்கு இத வெட்டி வெச்சுக்கும்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனுஷனா இவர் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால் பேர் தப்பாகத்தான் இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

பிறகு எனக்கும் மரத்துப்போயிற்று. தினம் காலையில் நாலு சாவு, ஐந்து சாவு. கிணறு, கரண்ட், லாரி, தூக்கு. பல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி எப்போதாவது என்னையே தொட்டுப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஆனால் அவர் மரத்துப்போனவர் மாதிரி நடந்துகொண்டாரே தவிர, அந்த ஒரு வார்த்தை விஷயத்தில் மட்டும் கோழித் தூக்கம்தான். கண்ணை மூடியிருந்தாலும் முழித்துக்கொண்டிருப்பார். நிருபர்கள் பழக்கதோஷத்தில் எல்லாச் சாவுக்கும் 'பரிதாபமாக' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இவர் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே போவார். எழுபத்தெட்டு வயசுப் பாட்டி மாடிப்படியில் விழுந்தால் கிடையாது. "வயசாச்சு. வருத்தம்தான். பரிதாபம் இல்ல." காதல் தோல்வியில் தூக்கு மாட்டிக்கொண்டவனுக்குக் கிடையாது. "அவனே முடிவு பண்ணிட்டான், நாம யாரு?" தண்ணி போட்டுவிட்டு ரயில்வே லைன் தாண்டினவனுக்குச் சத்தியமாகக் கிடையாது. கைக்குழந்தையோடு பெண்டாட்டியை விட்டுவிட்டுச் செத்துப்போனவன், பரீட்சை எழுதப் போகிற வழியில் பஸ் சக்கரத்தில் மாட்டிக்கொண்ட பெண், அடுத்தவனைக் காப்பாற்றப் போய் முழுகினவன் என்று இவர்களுக்கெல்லாம் உண்டு.

"ஏன் சார் இவ்வளவு கஞ்சத்தனம்? ஒரு வார்த்தைதானே, போட்டா என்ன கொறஞ்சிடும்?" என்று ஒருநாள் வாயை விட்டேன்.

"எல்லாத்துக்கும் போட்டா யாரு சிஸ்டர் அதப் படிப்பாங்க?" என்றார்.

அதோடு விடவில்லை. மறுநாள் பழைய பேப்பர்களைச் சேர்த்துத் தைத்த ஒரு தடிப் புத்தகத்தை அலமாரியில் இருந்து தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் தொப்பென்று போட்டார். தூசி பறந்து நான் தும்மினேன். அவர் ஈய எழுத்துக் கோக்கிற வேலையில் ஆரம்பித்தவர். எந்தப் பக்கத்தில் எது இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்துச் செய்தியில் 'பரிதாபகரமான' என்று நீட்டித்தான் எழுதுவார்களாம். எடுத்த எடுப்பில் 'பரிதாபகரமான விபத்து' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. என்ன ஆயிற்று என்று முழுக்கப் படித்தால்தான் தெரியும். ஒரு இடத்தில் மாட்டுவண்டி குடைசாய்ந்து வைக்கோல் நனைந்திருந்தது, அது பரிதாபகரம். ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணப் பந்தல் மழையில் சரிந்திருந்தது, அதுவும் பரிதாபகரம். ரயில் கவிழ்ந்து பத்துப் பதினைந்து பேர் போனதும் அதே வார்த்தைதான். ஒரே அளவு எழுத்து.

"பாத்தீங்களா? வைக்கோலுக்கும் அதான், மனுஷனுக்கும் அதான். எழுதினவங்க நல்லவங்கதான். மனசு எளகினவங்க. ஆனா படிக்கறவனுக்கு ஒண்ணும் ஏறாது." புத்தகத்தை மூடினார். "நான் சும்மனே வெட்டறேன்னு நெனைக்காதீங்க."

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஸ்டவ் வெடித்துச் செத்துப்போன மருமகள்கள் பற்றி அந்த நாளில் அடிக்கடி செய்தி வரும். புதுப்பெண், கல்யாணமாகி வருஷம்கூட ஆகியிருக்காது. அவர் கணக்குப்படி பார்த்தால் முதல் ஆளாக அவளுக்குத்தானே போட வேண்டும்? போடவே மாட்டார். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு, போலீஸ் விசாரணை' என்று நிறுத்திவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேன். "பரிதாபம்னு போட்டா முடிஞ்சுபோச்சு சிஸ்டர். பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. அப்புறம் யாரும் தெறந்து பாக்கமாட்டாங்க. வெறும் விபத்துதான்னு காட்ட மாமியார் வீட்ல அந்தப் பேப்பரத்தான் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவாங்க" என்றார். அன்றைக்குத்தான் அந்த மனுஷர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. பாசம் என்றே சொல்லலாம். அதோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது.

அவருடைய அம்மா இறந்தபோது காரியம் முடிந்த மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டார். மொட்டைத் தலையில் தொப்பி. முதலாளி மேல்மாடியில் இருந்து இறங்கி வந்து, உள்பக்கத்தில் போட்டோவோடு ஒரு செய்தி போடலாமே என்றார். "எண்பத்தொண்ணு சார். தூக்கத்துல போச்சு. ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார். "சொல்லு. குடிச்சிருந்தானா?" கல்நெஞ்சு என்று கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற பெண்கள் கிசுகிசுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன தோன்றியது என்று கேட்டால் அதுவும் தெரியாது.

எங்கள் பேட்டையில் டீக்கடையில் அந்தப் பேப்பர் வாங்குவார்கள். என் தம்பி சாயங்காலம் அங்கே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான். ஒருநாள் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிறேன், அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "இவனுக்கு பரிதாபம் போடல பாரு. அப்ப தண்ணி கேஸுதான்." கூட இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். எவனோ ஒருவன், "பொண்டாட்டிய அடிக்கறவனா கூட இருப்பான்" என்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தினம் படித்துப் படித்துத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். மறுநாள் அவரிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார், ஒரு காபியாவது வாங்கிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "கரெக்டாதான் படிக்கறாங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒருநாள், பேப்பர் மிஷினுக்குப் போனபிறகு, எல்லோரும் கையலம்பிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு பெண் மாடியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் விற்கிறவரிடம் விசாரித்து, அவர் சொன்ன அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் எங்கள் பேப்பரில் வெட்டின ஒரு சின்னத் துண்டு இருந்தது.

"நான் அடுகோடிலேருந்து வரேன் சார். எங்க வூட்டுக்காரரு பீன்யால லாரி அடிச்சி பூட்டாரு. போன மாசம். நீங்க போட்டிருந்தீங்க."

அவர் துண்டை வாங்கிப் பார்த்தார். "போட்டிருக்கோமேம்மா. என்ன தப்பு இருக்கு?"

"தப்பு இல்ல சார். ஒரு வார்த்த இல்லியாம்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் பீன்யாவில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினவன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்காக ரோட்டைத் தாண்டினபோது லாரி அடித்துவிட்டது. கேட்டுக்கு வெளியே நடந்ததால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்கிற ஆள் போய்விட்டால், அவன் பெண்டாட்டிக்குப் பேக்கிங் பகுதியில் ஒரு இடம் கொடுப்பார்கள். இவளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் வருகை பதிகிற டைம் ஆபீஸில் யாரோ எங்கள் பேப்பரைப் பார்த்துவிட்டார்கள்.

"பரிதாபம் போடலியே, தண்ணி போட்டுட்டு வுழுந்திருப்பான்னு மேனேஜராண்ட சொல்லிட்டாங்க சார். மொதலாளி காதுக்குப் பூடிச்சி. குடிச்சிட்டு ரோட்ல வுழறவனுக்கெல்லாம் நாம வேல குடுக்கமுடியாதுன்னுட்டாராம். அவரு தொடமாட்டாரு சார். பீடி கூட கெடையாது. ஆஸ்பத்திரி பேப்பர்ல அத்தப் பத்தி ஒண்ணுமே எழுதலன்றாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அந்த வேல வந்தாதான் வூடு நிக்கும். அந்த ஒரு வார்த்தய மட்டும் போட்டுக் குடுங்க சார். நான் எடுத்துக்கினு போய் காட்டறேன்."

அவர் துண்டை மேஜைமேல் வைத்து விரலால் நீவினார். "பேரு சரியா இருக்காம்மா?"

"கீதுன்னாங்க."

"வயசு? எடம்? லாரி வந்த பக்கம்?"

"எல்லாம் சரிதான்னாங்க சார்."

"அப்ப எதத் திருத்தறது? தப்பா இருந்தாதாம்மா திருத்தம் போடமுடியும். செத்தத ரெண்டாவது வாட்டி செய்தியா போடறதில்ல."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காரும்மா என்றேன். உட்காரவில்லை.

"நான் அழல, அதனாலயா சார்?" என்றாள். "அன்னிக்கி ஆஸ்பத்திரில உங்க ஆளு வந்து என்னக் கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல சார். காது அடச்சிக்கிச்சி. கம்னு உக்காந்துக்கினு இருந்தேன். மத்த பொம்பளங்கல்லாம் அழுதாங்க, எனக்கு வரல. அழுதிருந்தா போட்டிருப்பீங்களா?"

அவர் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவள் துண்டைக் கவருக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் பின்னாலேயே போய், எந்தக் கம்பெனி, அவள் வீடு எந்தத் தெரு என்று கேட்டு வைத்துக்கொண்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. சும்மா அனுப்ப மனசு வரவில்லை.

திரும்பி வந்து, "சார், அன்னிக்கு குக்கர் கடை விளம்பரம் வந்துச்சே" என்றேன்.

"தெரியும்" என்றார்.

எனக்கும் நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்தச் செய்தியின் முதல் புரூஃபில் அந்த வார்த்தை இருந்தது. நிருபர் போனில் சொன்னதை எல்லாம் கேட்டு, குடிக்கவில்லை, கல்யாணமானவன், இரண்டு சின்னப் பெண்கள் என்று தெரிந்துகொண்டு, இரண்டு பத்தி அகலத்தில் 'பரிதாப சாவு' என்றுதான் தலைப்பு போட்டிருந்தார். பக்கம் முடிகிற நேரத்தில் பிரஷர் குக்கர் தள்ளுபடி விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தது. எங்கள் முதலாளி கையெழுத்தோடு வந்தது, தள்ள முடியாது. செய்தியை ஒரு பத்திக்குச் சுருக்கினார்கள். ஒரு பத்தி அகலத்தில் அத்தனை எழுத்து உட்காராது. 'பரிதாப சாவு' போய் 'பலி' வந்தது. ரெண்டாவது புரூஃபைப் பார்த்துவிட்டு, "பரிதாபம் போச்சே சார்" என்று நான் கேட்டேன். "எடம் போச்சு சிஸ்டர்" என்றார். இருவரும் அதோடு மறந்துபோனோம். தினம் ஏதாவது ஒன்று இப்படி வெட்டுப்படும்.

"அதையாவது அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"எப்படிச் சொல்றது? ஒம் புருஷனவிட குக்கர் பெருசாப் போச்சும்மான்னா?"

அன்றைக்கு அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. எல்லோரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து, பேப்பரை மிஷினுக்கு அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "சிஸ்டர், நாளைக்கு பீன்யா போகணும். எந்த பஸ்?"

நான் பார்த்த வரையில், அந்த மனுஷர் ஒரு விபத்து நடந்த இடத்துக்கும் போனதில்லை. செய்தியில் வந்த ஒரு பிணத்தையும் பார்த்ததில்லை. ஊரில் நடந்த அத்தனை சாவும் அவருக்குப் போன் வழியாகவே வந்தது. எனக்கு வழி தெரியும், நானும் வரேன் என்றேன். மறுநாள் வேலை முடிந்ததும் மெஜஸ்டிக் போய் மாறினோம். அந்தப் பெண்ணுக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். நாங்கள் போனபோது கம்பெனி கேட்டுக்கு எதிரே, பஸ் நிற்கிற இடத்தில், கவரும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே விடவில்லை. எங்களை விட்டார்கள்.

மேனேஜர் கன்னடக்காரர். நல்ல மாதிரி. "பன்னி சார், குத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்கார நாற்காலி போடச் சொன்னார். எங்கள் பேப்பர் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "நமக்கு தமிழ் படிக்க பராது. பேசறது மட்டும்தான். ஆனா நம்ம ஒர்க்கர்ஸ் எல்லாம் ஒங்க பேப்பர்தான் சார். லஞ்ச் டைம்ல பத்து பேர் சேர்ந்து ஒரு பேப்பர்." காபி வந்தது.

இவர் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். முதலில் போட்டது, விளம்பரம் வந்தது, பத்தி சுருங்கினது, வார்த்தையை எடுத்தது. "எடுத்தது நான்தான். அந்த ஆளு மேல ஒரு குத்தமும் இல்ல. எடம் பத்தல, அவ்வளவுதான்."

மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். கிண்டல் இல்லை அது. மரியாதையான சிரிப்பு. "சார், நீங்க பெரிய மனசுக்காரர். அந்த லேடிய பாத்து பாவம்னு இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. ஆனா ஒங்க பேப்பர் பத்தி இங்க எல்லார்க்கும் தெரியும். அந்த வார்த்தைய நீங்க சும்மனே போடமாட்டீங்க. அப்பறம் சும்மனே எப்படி எடுப்பீங்க?"

"எடம் இல்லாம எடுத்தேன்."

"ஒரு வார்த்தைக்கா சார் எடமில்ல?"

"இல்ல."

"நான் ஓனர் கிட்ட போயி, எடமில்லன்னு எடுத்தாங்களாம் சார்னு சொன்னா அவர் நம்புவாரா? நீங்களே சொல்லுங்க. நானே நம்பலியே. சாரி சார். காபி குடிங்க, ஆறிப்போகுது."

இத்தனை வருஷமாக ஒரு வார்த்தையை அவர் காப்பாற்றி வைத்ததே ஜனங்கள் அதை நம்ப வேண்டும் என்றுதான். நம்பினார்கள். அதை எழுதினவரே வந்து உட்கார்ந்து இல்லையென்று சொன்னாலும் விடாமல் நம்பினார்கள். எனக்கு அந்த அறையில் கோபம்கூட வரவில்லை. காபியைக் குடித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்தது.

வெளியே வந்தோம். ரோட்டைத் தாண்டுகிறபோது அவர் இரண்டு பக்கமும் பார்த்து, லாரி ஒன்று போகிறவரைக்கும் நின்று, மறுபடி பார்த்துத் தாண்டினார். அவள் எங்களைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தாள்.

"ஆகலம்மா" என்றார்.

"நீங்க சொன்னீங்களா சார்?"

"சொன்னேன். நம்பல."

"இன்னா சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அது அவர் சொல்ல வேண்டியது. அவர் சொன்னார். ஒரு வார்த்தையும் விடாமல், போலீஸ் ஸ்டேஷனில் இருந்து போன் வந்ததில் ஆரம்பித்து. "மொதல்ல நான் போட்டிருந்தேம்மா. குடிக்கலன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டுதான் போட்டேன். அப்புறம் குக்கர் விளம்பரம் ஒண்ணு வந்துச்சு. எடம் பத்தாம நானே எடுத்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"வெளம்பரமா?"

"ஆமா."

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதாம்மா."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் அப்படியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் குந்தி அவள் முதுகில் கை வைத்தேன். வேலை போனதற்கு அழுகிறாள் என்று நினைத்து, வேற எங்கேயாவது பாக்கலாம்மா, நான் கேட்டுப் பாக்கறேன் என்று என்னவோ உளறினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அதுக்கில்லக்கா. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா பூடிச்சி. பேப்பர்காரங்களுக்குத் தெரியாமலா இருக்கும், ஒருவேள எனக்குத் தெரியாம குடிச்சிருப்பாரோ, நம்பள ஏமாத்திட்டாரோன்னு. கோவத்துல அவரு போட்டோவ செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டேன். பொண்ணுங்க கேட்டுச்சிங்க, ஏம்மா அப்பாவத் திருப்பி வெச்சிருக்கன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருங்க சார். நான் வரேன். வூட்டுக்குப் போயி மொதல்ல அவர இந்தப் பக்கம் திருப்பணும்."

மெஜஸ்டிக் பஸ் வந்தது. அவள் முண்டியடித்து ஏறினாள். நாங்களும் அதில்தான் போக வேண்டும். அவர் ஏறவில்லை. அவள் கும்பிட்டதற்குப் பதிலுக்குக் கூப்பிய கையை இறக்காமல் நின்றார். நான் அவர் கூடவே நின்றேன்.